கடைசித் தெருவுக்குத் தண்ணீர்

ஆனைக்கரடு வாயைத் திறந்தபோது மருதூத்துப்பட்டியில் நடுத்தெருவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேல்நிலைத் தொட்டிக்கு அடியில், வால்வுக் குழியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த மாயழகு, மேற்கே கேட்ட சத்தத்தைக் கல்லுடைக்கிறவர்களின் வெடி என்று எண்ணி, காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டு, அடுத்த பீடியைப் பற்றவைத்தான். அந்தப் பீடி முடிவதற்குள் வானம் இருண்டது, கோழிகள் பொழுது போய்விட்டதென்று கூடைக்குள் போய் அடைந்தன, கரட்டுக் குன்றின் உச்சியிலிருந்து எழுந்த புகை ஊருக்கு மேலே வந்து கொஞ்ச நேரம் நின்று யோசித்தது, பிறகு சாம்பலாக இறங்க ஆரம்பித்தது. வெள்ளையாக, மெத்தென்று, அவசரமில்லாமல் இறங்கியது. மாயழகு பீடியை அணைத்துவிட்டு வால்வை மூடினான். குடங்களில் தூசி விழுகிறதே என்பதுதான் அப்போது அவன் கவலை.

ஊர் பயப்படவில்லை. வானத்திலிருந்து சாம்பல் விழுந்தால் கையை நீட்டி வாங்கி நெற்றியில் பூசிக்கொள்ளத்தான் அந்த ஊருக்குத் தெரியும். பூசாரி தாம்பாளம் ஏந்தி நின்றார், பஞ்சாயத்துத் தலைவி தவமணி திருப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கடைசியாகப் போன பஸ்ஸில் கொடுத்துவிட்டார், காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் நாக்கில் ஆளுக்கொரு சிட்டிகை வைத்தார்கள், கறவை வற்றிய மாட்டின் மடியில் தடவினார்கள், ஓடாத மோட்டார் சைக்கிளின் டேங்கிலும் ஒருவன் மூன்று பட்டை இழுத்தான். இரண்டு நாள் கழிந்ததும் அந்தத் திருநீறு முழங்காலுக்கு வந்தது. முருங்கைகள் முறிந்தன, ஓட்டுக்கூரைகள் பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன, கிணறுகள் கூழாயின, சாம்பல் படிந்த சோளத்தட்டையைத் தின்ற மாடுகள் வயிறு கல்லாகிக் கால் நீட்டின, நாக்கில் சிட்டிகை வாங்கிய பிள்ளைகள் இருமி இருமி நீலம் பாரித்தன. அதற்கப்புறம் யாரும் நெற்றியில் பூசவில்லை. பூசாமலேயே எல்லோர் நெற்றியிலும் இருந்தது.

கரட்டைச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் காலியாயின. தாசில்தார் அம்மா லாரிகளோடு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் மெயின்ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் இறக்கினார்; மணமேடையில் பாய் விரித்து நோயாளிகள் படுத்தார்கள், சமையல்கட்டில் மூன்று வேளையும் உப்புமா கிண்டினார்கள், நல்வரவு என்று எழுதிய வாசலில் நின்று ஆட்கள் சாம்பல் சாம்பலாகத் துப்பினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மருதூத்துப்பட்டிக்காரர்கள் மட்டும் விடிந்தால் நடந்து ஊருக்கு வந்துவிடுவார்கள். காரணம் இருந்தது. கரடு வாய் திறந்த அன்று மேட்டுத்தெரு ஆட்கள் ஏழு பேர் அதன் மேலே இருந்தார்கள். ஆடு மேய்க்கப் போன ஒச்சுக்காளை ஒருவன். சீத்தாப்பழம் பறிக்கப் போன பெண்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருத்தி மாயழகின் மனைவி செல்லக்காமு.

மாயழகுதான் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். ஊருக்கு நாலு தெரு. வால்வுச் சாவி கைக்கு வந்த முதல் நாளே ஒரு முடிவெடுத்தான்: தன்னுடைய மேட்டுத்தெருவுக்குக் கடைசியில்தான் திறப்பது. பெண்டாட்டிக்கு முதலில் விட்டான் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது. அந்த நியாயத்தைப் பற்றி அவனுக்குப் பெருமை உண்டு. டீக்கடையில் யாராவது அதை எடுத்துச் சொன்னால் கேட்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்பான். தொட்டி அடியைத் தொடுகிற நேரத்துக்கு, அதுவும் மேட்டுக்கு ஏற வேண்டிய தண்ணீர், நூலாக வந்து பாதிக் குடத்தோடு நின்றுபோகும். "தீந்துபோச்சா?" என்று செல்லக்காமு கேட்பாள். "நாளைக்கு மொதல்ல நம்ம தெருவுக்குத்தான்" என்பான் அவன். அவள் கேட்காத நாளில்லை, அவன் சொல்லாத நாளில்லை.

கரடு வாய் திறந்த அந்த வெள்ளிக்கிழமை அவள் விடிந்ததும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலி பாட்டிலோடு வால்வுக் குழிக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, வெயிலுக்கு முன்ன ஏறணும். ஆறு பேருக்கும் குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. இன்னைக்கு ஒருநா நம்ம தெருவுக்கு மொதல்ல தொறந்துவிட்டா ஊரு இடிஞ்சா விழுந்துரும்?"

"நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. வரிசைன்னா வரிசைதான்."

"அந்த வரிசையவே கரைச்சுக் குடிங்க. நான் உச்சிச் சுனையில மொண்டு குடிச்சுக்கிறேன்."

பாட்டிலை அவன் காலடியில் வீசிவிட்டுப் போனாள். அவன் அதை எடுத்து, தூசி துடைத்து, தொட்டித் தூணில் ஆணியில் மாட்டி வைத்தான். கோபம் தணிந்து சாயங்காலம் வருவாள் என்று நினைத்தான்.

சாம்பல் ஓய்ந்த பிறகு கரட்டின் விளிம்பு ஓர் இடத்தில் உடைந்து நெருப்பு வழிந்தது. கிழக்கே, ஊரைப் பார்த்து, கூழ் வழிவதுபோல் வழிந்தது; ஒரு பகலுக்கு ஒரு வயல், அடுத்த பகலுக்கு அடுத்த வயல் என்று வரப்பை மதித்து நின்று பிறகு தாண்டி வந்தது. அந்த நெருப்புக்குள் ஒச்சுக்காளை நடந்து வருவதை முதலில் பார்த்தது அவன் மனைவி முத்துப்பேச்சி.

"அந்தா வாராரு பாருங்க. தோள்ல கம்பக் குறுக்கப் போட்டுக்கிட்டு, கால அகட்டி வச்சு. வேற எந்த ஆம்பள அப்பிடி நடப்பான்?"

பார்த்தார்கள். ஒச்சுக்காளைதான். காய்ச்சிய ஏர்க்கொழு நிறத்தில், இடுப்பளவு நெருப்பில், ஓர் அடி எடுத்து வைக்க ஒரு பொழுது எடுத்துக்கொண்டு வந்தான். அவனைச் சுற்றி ஆடுகளும் அதே நிறத்தில் வந்தன. மொட்டைக் கிடாய் மட்டும் வழக்கம்போலப் பின்தங்கி, இல்லாத புல்லை மேய்ந்துகொண்டு நின்றது. வெகு தூரம் பின்னால், சரிவில், பெண்கள். குருவம்மா முன்னே. அவளுக்குப் பின்னால் நாலு பேர் கூடையும் தலையுமாக ஒட்டி ஒட்டி. அவர்களுக்கும் மேலே, யாரோடும் சேராமல், கரட்டின் உதட்டருகே ஒருத்தி தனியாக. இடுப்பில் கூடை வைக்கிறவள் மேட்டுத்தெருவில் ஒருத்திதான். அவள் ஏன் எல்லோருக்கும் பின்னால் வருகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். மாயழகுக்குத் தெரியும். சுனை உச்சியில் இருக்கிறது. தண்ணீருக்காக அவள் அங்கே ஏறியிருக்கிறாள்.

ஊர் அழுதது, ஆனால் ஆச்சரியப்படவில்லை. போனவர்கள் வீடு திரும்புகிறார்கள், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். மறுநாளே நாற்காலிகள் வந்தன, பந்தல் போட்டார்கள், டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிவந்து நெருப்பின் ஓரத்தில் வைத்து விறகுச் செலவில்லாமல் டீ போட்டார், பெண்கள் அந்த அனலில் வெங்காய வடகம் காயவைத்தார்கள், வெளியூர்ச் சொந்தங்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க வருவதுபோல் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் பந்தலில் வைத்துவிட்டுப் போனார்கள். "ஏ குருவு, ஒன் தங்கச்சிக்குப் பொம்பளப் பிள்ள!" என்று கத்திச் சேதி சொன்னார்கள். நெருப்பில் நடந்தவர்களின் உதடும் பதிலுக்கு அசைந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறோம் என்கிறார்கள் என்று ஆளாளுக்கு அர்த்தம் செய்துகொண்டார்கள். தண்ணீர் கடைசியாக வந்த தெருவுக்கு நெருப்பு முதலில் வருகிறது என்பதை மாயழகு மட்டும் நினைத்துக்கொண்டான், வெளியே சொல்லவில்லை.

ஒச்சுக்காளை வீடு சேர்ந்த அன்று முத்துப்பேச்சி வாசலைப் பெருக்கி, சாம்பலுக்கு மேலேயே கோலம் போட்டிருந்தாள். வெளியிலிருந்து ஒரு மனிதன் வெயிலில் வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழைமட்டையை உடம்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். அவன் வாங்கினான். அண்ணாந்து குடித்தான். பெரிய சீற்றமாக ஆவி எழுந்து தெருவையே மறைத்தது, படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது, ஆவி விலகியபோது வாசலில் கருங்கல்லாக நின்றான் ஒச்சுக்காளை. ஆடுகள் அவனைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டன.

"கொன்னுபுட்டாளே!" என்று ஊர் கத்தியது. "நெருப்புலயும் பொழச்சு வந்த மனுசன வாசல்ல வச்சுக் கொன்னுபுட்டாளே!"

"குடிச்சாரு" என்றாள் முத்துப்பேச்சி. உள்ளங்கை வெந்து தோல் தொங்கியது. "நான் பார்த்தேன். தொண்டக் குழி ஏறி எறங்குச்சு. குடிச்சிட்டுத்தான் நின்னாரு."

யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மண்டபத்தில் அவள் பக்கத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை. அவள் பகல் முழுவதும் கல்லின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் பட்டால் இது உறைகிறது என்று தாசில்தார் அம்மாவுக்குத் தெரிந்ததும் இரண்டு தீயணைப்பு வண்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல பெண், சின்ன வயது, சாம்பலில் மூச்சு முட்ட நின்று பொறுமையாகப் பேசினார். "அம்மா, இது எரிமலைக் குழம்பு. இங்கயே தண்ணி அடிச்சு நிறுத்திட்டா மேட்டுத்தெரு ஓரத்தோட நின்னுடும். இல்லைன்னா கண்மாய்ல போய் இறங்கும். கீழ இருக்குற ஊருக்கெல்லாம் அந்தக் கண்மாய்தானே?"

"குழம்புன்னு நீங்க சொல்லுறீக" என்றார் தலைவி தவமணி. "எங்களுக்கு அது குருவம்மா."

கீழப்பூசனூர்க்காரர்கள் டிராக்டரில் வந்து இறங்கிச் சண்டை பிடித்தார்கள். "செத்தவகளுக்காக உசுரோட இருக்குற நாங்க சாகணுமா?" என்றார்கள். "யாரு செத்தவக? நடந்துதான வாராக?" என்று மேட்டுத்தெரு பதில் சொல்லிவிட்டு, வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டது. வண்டிகள் அன்று திரும்பிப் போனவைதான். பிறகு பாதையை நெருப்பு மூடிவிட்டது, கூப்பிட்டாலும் அவை வரமுடியாது.

தண்ணீர் வைத்திருப்பவன் மாயழகு. ஆகவே ஊர் கூடி அவனிடம் சத்தியம் கேட்டது: வந்து சேர்கிறவர்களுக்கு ஒருவரும் தண்ணீர் தரக் கூடாது, தொட்டியின் வால்வை அவன் பூட்டிவிட வேண்டும். அவன் தயங்கவில்லை. செல்லக்காமு வாசலில் கல்லாக நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சிவப்பாக இருந்தாலும் நடந்து வருகிறாளே, அது போதும் என்று நினைத்தான். எல்லோர் முன்னாலும் வால்வை இறுக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டினான். கூட்டம் கலைந்தபோது முத்துப்பேச்சி கல்லடியில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள்.

"கொழுந்தனாரே, அவுக ஒதட்டப் பாருங்க. நல்லாருக்கோம்னா சொல்லுறாக? தண்ணி தண்ணின்னு கேக்குறாக. உங்களுக்குமா தெரியல?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் நிஜம்.

தெருச் சரிவுக்கு வந்ததும் நெருப்பு வேகம் பிடித்தது; அடுத்து குருவம்மா வந்தாள். அவள் கணவன் பாண்டியராசு வீட்டுக் கதவைக் கழற்றி வைத்திருந்தான், நிலை இடிக்காமல் அவள் வரட்டுமென்று. வந்தாள், உள்ளே நுழைந்தாள், நிற்கவில்லை. நெருப்பு நடக்கும்வரை அவளும் நடக்க வேண்டும்போல் இருந்தது. நடுவீட்டைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, தொட்டில் தொங்கிய உத்தரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, பின்சுவரைச் சாய்த்துக்கொண்டு கொல்லையில் இறங்கிப் போனாள். "நில்லு தாயி, நில்லு!" என்று பாண்டியராசு கூடவே ஓடினான். அவள் தலையை மட்டும் திருப்பினாள். பின்னால் வீடு கூரையோடு எரிந்தது. அவன் வீட்டைப் பார்க்கவில்லை, கண்மாய்க் கரைவரைக்கும் அவள் பின்னாலேயே போனான்.

கண்மாய் அந்த வருஷம் மழையில்லாமல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நெருப்பு கரையை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, பள்ளத்தில் தேங்கி, அங்கே கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. குருவம்மாவும் அதோடு மங்கினாள். சிவப்பு போய்ப் பழுப்பு வந்தது, பழுப்பு போய்க் கருப்பு வந்தது, கால் நின்றது, கை நின்றது, கடைசிவரை அசைந்துகொண்டிருந்த உதடும் நின்றது. மாயழகு உட்பட ஊரே கரையில் நின்று பார்த்தது. அவளும் கல்தான் ஆனாள். ஆனால் ஒச்சுக்காளையின் கல் வாயை மூடிக்கொண்டு, குடித்து முடித்தவனின் நிம்மதியோடு நிற்கிறது. குருவம்மாவின் கல் வாயைத் திறந்தபடி நின்றது. நாக்குத் தெரிந்தது. பாண்டியராசு தலையில் அடித்துக்கொண்டு, "ஒரு சொம்புடா, ஒரு சொம்புதானடா கேட்டா!" என்று அலறியபோதுதான் ஊருக்கு எல்லாம் புரிந்தது. தடுத்தாலும் கல், கொடுத்தாலும் கல். கொடுத்தால் தன் வாசலில், வாய் மூடி. தடுத்தால் ஊருக்கு வெளியே, தாகத்தோடு.

ஊர் அந்தக் காலையிலேயே மனசை மாற்றிக்கொண்டது. எல்லோரும் மாயழகைத் தேடி ஓடினார்கள். அவன் சங்கிலியைக் கழற்றி வால்வைத் திறந்தான். இரும்பு முனகியது, காற்று வந்தது. போர்வெல் அனலில் வற்றியிருந்தது, தொட்டித் தண்ணீர் மூடியிருந்த நாட்களில் வெந்து வெந்து ஆவியாகப் போயிருந்தது. பாதை இல்லாததால் தண்ணீர் லாரி வராது; ஆட்கள் காட்டைச் சுற்றி மண்டபத்துக்கு நடந்துபோய்ச் சுமந்து வருவதற்குள் பொழுது போய்விடும். நெருப்பின் இந்தப் பக்கத்தில் ஊரில் இருந்த ஒவ்வொரு பானையிலும் சாம்பல்கூழ். மாயழகு தொட்டியின் மேலே ஏறி, உள்ளே இறங்கி, மூலையில் தேங்கியிருந்ததைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வழித்து வேட்டியில் வடிகட்டினான். அரைக் குடம் தேறியது. கைக்குட்டையளவு ஈரமும் மிச்சம் வைக்காமல் தொட்டியைத் துடைத்துப் பிழிந்தான். அதற்கு மேல் இல்லை.

நாலு பெண்களும் அவர்களுக்குப் பின்னால் செல்லக்காமுவும் அன்று உச்சிவேளைக்குத் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். மாயழகு வாழைமட்டை கட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துத் தெருமுனையில் தன் வீட்டு வாசலில் நின்றான். ஒரு சொம்பு முழுதாக வேண்டும், அதில் குறைந்தால் உதட்டுக்குப் போகும் முன்னே ஆவியாகிவிடும் என்று முத்துப்பேச்சி சொல்லியிருந்தாள். குடத்தில் நாலு சொம்பு இருந்தது. இன்றைக்கு நம்ம வீட்டுக்குத்தான் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான், எவன் என்ன பேசினாலும் பேசட்டும், இன்றைக்கு அவளுக்குத்தான்.

"மாயழகண்ணே" என்றான் முதல் பெண்ணின் புருஷன். காலில் விழவில்லை, கெஞ்சவில்லை. குழாயடியில் நிற்பதுபோல் வந்து நின்று சொம்பை நீட்டினான். மாயழகு ஊற்றினான். அவள் குடித்தாள், ஆவி அடங்கியதும் வாசலில் வாய் மூடி நின்றாள், நெருப்பு அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்தவன் வந்து நின்றான். அதற்கடுத்தவன் வந்து நின்றான். இல்லையென்று சொல்ல மாயழகுக்கு வாய் வந்தது, ஆனால் அந்தப் பெண்கள் எல்லாம் வருஷக்கணக்கில் அவனுடைய வரிசையின் கடைசியில் பாதிக் குடத்தோடு திரும்பிப் போனவர்கள். ஊற்றினான்.

ஒரு சொம்பு மிச்சமிருந்தது. போதும்.

நாலாவதாக வந்தவள் சீரங்கம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அவளுக்காக வாசலில் நிற்க யாருமில்லை, சொம்பு நீட்ட ஒரு கை இல்லை. மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள், தெருவை யாரும் பார்க்கவில்லை. அவளை அப்படியே போகவிட்டால் நாலு பேர் அல்ல, ஒருவர்கூடப் பேசப் போவதில்லை. அவளுக்குப் பின்னால், கைக்கெட்டாத தூரத்தில், இடுப்பில் கூடையோடு செல்லக்காமு வந்துகொண்டிருந்தாள். அவள் முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது, நெற்றியில் ஒட்டியிருந்த முடிகூடத் தெரிந்தது. சீரங்கம்மாள் மாயழகுக்கு முன்னால் வந்தாள். குழாயடியில் எப்போதும் செய்வதுபோல், தனக்கு இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, குடத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்து ஒதுங்கி நடந்தாள்.

மாயழகின் கை சொம்பைச் சாய்த்து மொண்டு அவளிடம் நீட்டிவிட்டது. அது நியாயமா, பழக்கமா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவள் நம்பாமல் அவனைப் பார்த்தாள், வாங்கினாள், குடித்தாள், நின்றாள்.

செல்லக்காமு வந்தாள். அவன் குடத்தைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, எல்லா நாளும் பார்ப்பதுபோலவே, குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் யாருக்கும் கேட்காத குரல் அவனுக்குக் கேட்டது.

"தீந்துபோச்சா?"

அவன் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை. வேறெதுவும் அவனுக்கு வராது. "நாளைக்கு மொதல்ல நம்ம தெருவுக்குத்தான்" என்றான்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். தலையை ஆட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளில் வைத்ததுபோல் வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள், அடுப்படியில் கொஞ்சம் தயங்கினாள், பின்சுவரைச் சாய்த்துக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். அவன் எரிகிற வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி, கண்மாய்வரை கூடவே நடந்தான். எச்சிலைக் கூட்டிக் கையில் துப்பி அவள் உதட்டில் தடவப் பார்த்தான், விரல்கள்தான் வெந்தன. குருவம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று மங்கினாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. வாய் திறந்திருந்தது.

கீழப்பூசனூருக்கு அதன் பிறகு தண்ணீர் இல்லை, கண்மாய் முழுவதும் பாறையாகிவிட்டது. அவர்கள் காடு கழனியை அப்படியே போட்டுவிட்டுத் திசைக்கொருவராகப் போனார்கள். போகும்போது மருதூத்துப்பட்டிக்காரர்களைச் சபித்தார்கள், சபித்ததில் தப்பில்லை. மருதூத்துப்பட்டிக்காரர்களுக்கு வெகு தூரத்தில், மெயின்ரோட்டுக்கும் அப்பால், தகரக் கூரையில் காலனி கட்டிக் கொடுத்தார்கள். தூக்க முடிந்தவர்கள் தங்கள் கற்களைப் பெயர்த்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே நாலு வீட்டு வாசலில் ஆளுக்கொரு கல் நிற்கிறது, முத்துப்பேச்சி வீட்டுக் கல்லின் தோளில் துண்டு கிடக்கிறது. சீரங்கம்மாளை மட்டும் யாரும் ஏற்றவில்லை. பிள்ளைகளின் இருமல் நிற்கவில்லை.

மாயழகு போகவில்லை. அவன் வைத்திருந்ததோ பெயர்க்க முடியாத கல், கண்மாய்ப் பாறையோடு பாறையாக வேர்விட்டது. ஐப்பசியில் மழை வந்தது, வரவேண்டிய நேரத்துக்கு வராமல் எல்லாம் முடிந்த பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் நின்றது. அவன் தொட்டித் தூணில் கருகாமல் தொங்கிய பாட்டிலை எடுத்துக் கழுவி, நிறைத்துக்கொண்டு, பாறைமேல் நடந்து போனான்.

இப்போதும் விடிந்ததும் போகிறான். வழியில் சீரங்கம்மாள் நிற்கிறாள், அவளைத் தாண்டிப் போகிறான். குருவம்மா நிற்கிறாள், அவளையும் தாண்டிப் போகிறான். முதல் தண்ணீரைச் செல்லக்காமுவின் வாயில்தான் ஊற்றுகிறான். வாய் நிறைகிறது, உதட்டோரம் வழிந்து கழுத்தில் இறங்கிக் காய்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு, தொண்டைக் குழி ஏறி இறங்குகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே ஒரு சொட்டும் இறங்குவதில்லை.